தொடர்புடைய கணக்கு

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு நாள் முழுக்க மாடிப்படி ஏறுகிற மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். உனக்கு இருமல் நின்றதா?

இதென்ன, அண்ணி காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? நாம் இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் நான் தையல் பாடம் போடுகிற அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியில்தானே. அது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினால் உன் அண்ணன் என்னிடம் தருவதற்குள் நீ வைத்துவிடுகிறாய். அதனால் காகிதம். யார் எழுதியது, என்ன எழுதியது என்று தபால்காரர் கேட்கப் போவதில்லை.

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால் கடையைத் திறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, போனை எடுத்தால், 'உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது' என்று வருகிறது. காரணம் கீழே போட்டிருந்தது: 'உடல்ரீதியான வன்முறையைத் தூண்டுதல்.' படித்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நானா! துணியில் எறும்பு ஏறினால்கூட உதறாமல் ஊதிவிடுகிறவள் நான்!

எந்த வீடியோ என்றும் காட்டினார்கள். சட்டை வெட்டுகிற பாடம். நான் பேசியதை எழுத்தாகப் போட்டிருந்தார்கள். அப்படியே எழுதுகிறேன், நீயே படி.

"முதல்ல பாடியை நாலா மடிச்சுப் போடுங்க. அசையாம இருக்க மேல கனமா எதையாவது வைங்க. கழுத்தை ஒரே வெட்டா வெட்டணும். பயந்து பயந்து வெட்டினா பிசிறு அடிக்கும். கையைத் தனியா வெட்டி எடுத்து ஓரமா வச்சிடுங்க."

தையல் தெரியாதவன் காதில் விழுந்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண் எதற்கு இருக்கிறது? என் முன்னால் கிடப்பது ஒன்றரை மீட்டர் நீல பாப்ளின்!

ஆறு வருஷம், இருநூற்றுப் பதினாலு பாடம், முப்பத்தோராயிரம் பெண்கள். என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது, 'கத்திரி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவர்கள் எல்லாரும் கத்திரி அக்கா என்ன அயோக்கியத்தனம் பண்ணினாளோ என்று நினைப்பார்கள் இல்லையா? அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுபரிசீலனைக்கு ஒரு படிவம் இருக்கிறது. ஆகஸ்ட் 28 வரை தவணை. அதன் தலையில் ஒரு கட்டம்: 'நான் விதியை மீறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், மீண்டும் செய்ய மாட்டேன்.' அதில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம். அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டேன்.

உடனே புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் தளத்துக்காரன் அதையும் மூடிவிட்டான். நான்தான் என்று எப்படித் தெரிந்தது? பிறந்த குழந்தைகளைப் படம் எடுத்து அதே தளத்தில் பதினோரு வருஷமாகப் பக்கம் நடத்துகிறவள் நீ. உனக்குத் தெரியாமலா இருக்கும்? விவரமாக எழுது.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கம் சொல்கிறேன். இருமல் போய்விட்டது. அண்ணனை முழங்காலுக்கு மருந்து தடவச் சொல்லுங்கள், மறந்துவிட்டேன் என்று கதை விடுவார், நம்பாதீர்கள்.

முதலில் மன்னித்துவிடுங்கள், சிரித்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன், 'கையைத் தனியா வெட்டி எடுத்து' வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அப்புறம்தான் கோபம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டீர்களே. உங்கள் அளவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரே எழுதாத பக்கத்தைக் காட்டினாலும், தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, இடது தோள் அரை இன்ச் இறக்கம், வலது கை கொஞ்சம் நீளம் என்று படித்துவிட்டு, "இது கீழ மருந்துக்கடைக்காரம்மா" என்று சொல்வீர்களே. முப்பத்தாறு மார்பு ஆயிரம் பேருக்கு இருக்கும். எல்லா அளவும் சேர்ந்து பொருந்துவது ஒருத்திக்குத்தான். அதையேதான் அவன் போனுக்குச் செய்கிறான். என்ன மாடல், திரை எத்தனை அகலம், என்ன எழுத்துரு ஏற்றியிருக்கிறீர்கள், எந்த மொழி, எந்த இணைப்பு வழியாக வருகிறீர்கள், எல்லாம் குறித்து வைத்துக்கொள்வான். போனின் கைரேகை என்று சொல்கிறார்கள். நீங்கள் பெயரை மாற்றிக்கொண்டு போனாலும் போன் அதே போன்தானே.

அதனால் வேறு போன் வேண்டும். என் பழையதைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வீட்டு இணைப்பில் போகாதீர்கள், அதிலேயே சிம் இருக்கிறது. முக்கியமாக, வேறு பெயரில் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். 'கத்திரி அக்கா' என்று போட்டுத் தொலைக்காதீர்கள். இரண்டு மாதம் கமுக்கமாக இருங்கள், பெண்கள் தானாக மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள்.

அவசரமாகக் கிளம்புகிறேன். இன்றைக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கினால் ஒன்று அழும்.

உங்கள் வாலு


ஏப்ரல் 12

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்காலுக்கு மருந்தை நானே தடவிவிடுகிறேன், ஐயா ராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அளவு நோட்டுக் கதை பிரமாதம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித்தான் விளக்குகிறேன். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு மட்டும் அவர் தோள் இறக்கத்தைச் சொல்லவில்லை.

போன் வந்தது. திறந்தேன். ஆனால் வேறு பெயர் மட்டும் என்னால் ஆகவில்லை. ஒரு மணி நேரம் யோசித்தேன். 'ஊசி அக்கா' என்று எழுதினேன், அழித்தேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நான் என்ன தலைமறைவாகத் திரிகிறவளா? 'கத்திரி அக்கா' என்றே போட்டேன். மூன்று நாள் ஓடியது. அறுநூறு பேர் திரும்பி வந்தார்கள். "அக்கா, எங்க போனீங்க, கை வைக்கிற பாடம் பாதியில நிக்குது" என்று ஒருத்தி கேட்டாள். ஒன்பதாம் தேதி காலையில் அதையும் மூடிவிட்டான். நீ திட்டுவாய் என்று தெரியும், திட்டு.

இன்னொன்று. அந்தப் போனில் உன் கணக்கும் திறந்தபடியே இருந்தது. நான் ஒன்றும் நோண்டவில்லை. இரட்டைக் குழந்தைகள் படத்தை மட்டும் பார்த்தேன். அழுகிற குழந்தையின் கையைத் தூங்குகிற குழந்தை பிடித்திருக்கிறதே, அதை எப்படித்தான் எடுத்தாயோ! மெஷினை நிறுத்திவிட்டுக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். "என் நாத்தனார் எடுத்தது" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

போனை அணைத்துப் பொத்தான் டிராயரில் போட்டுவிட்டேன்.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. மார்க்கெட் தெருவில் ஒரு ஸ்டூடியோவில் பகலில் நிற்கிறேன். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம். ஒரு மாறுதலுக்காகத்தான்.

போனைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது அங்கேயே கிடக்கட்டும்.

அண்ணி, அந்தக் கட்டத்தில் நீங்கள் டிக் அடிக்கவில்லை அல்லவா? சும்மாதான் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

வாலு


மே 20

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம்தான் இளைத்துப் போயிருக்கிறது. எப்போதும் மூன்று பக்கம் எழுதுகிறவள் பத்து வரியில் முடித்திருக்கிறாய். உடம்பு சரியில்லையா?

பாஸ்போர்ட் படமா? நீயா? அழுகிற குழந்தையைப் பேசிப் பேசியே தூங்க வைத்துப் படம் எடுக்கிறவள், "நிமிர்ந்து பாருங்க, கண்ணை மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாயா? மாறுதலாம் மாறுதல். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உன் அண்ணனைக் கேட்டால் "அவளுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார்.

டிக்கா? செத்தாலும் அடிக்க மாட்டேன். என் விளக்கத்தை நாலு பக்கம் எழுதினேன். பாடி என்றால் சட்டையின் உடல் பகுதி, கழுத்து என்றால் சட்டையின் கழுத்து, எங்கள் தொழிலில் மனுஷன் உள்ளே இல்லாதபோதுதான் வெட்டுவோம் என்று தெளிவாக எழுதினேன். டிக் அடிக்காமல் அனுப்பப் பார்த்தால் அந்தப் பொத்தான் கண்ணையே திறக்க மாட்டேன் என்கிறது. விடுவேனா? அவர்கள் தலைமை அலுவலக விலாசத்தைத் தேடிப் பிடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்றைக்கு இருபத்தோரு நாள். செவிடன் காதில் ஊதின சங்கு.

என்னைப் பிடிவாதக்காரி என்று உன் அண்ணன் சொல்கிறார். இருந்துவிட்டுப் போகிறேன். போன வருஷம் ஒரு அம்மா, சட்டை இறுக்கிப் பிடிக்கிறது, மன்னிப்புக் கேள் என்று நின்றாளே, ஞாபகம் இருக்கிறதா? நோட்டை எடுத்துக் காட்டி, டேப்பை எடுத்து அவள் முன்னாலேயே மறுபடி அளந்தேன். குண்டானது அவள், மன்னிப்பு நானா? சட்டையைப் பிரித்துக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. செய்த தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. செய்யாததை ஒத்துக்கொள்ள நாக்கு வராது.

ஒரு படம் அனுப்பு. அந்தப் போனை இனித் தொடுவதில்லை என்று இருக்கிறேன், உன் பக்கத்தைப் பார்க்க எனக்கு வேறு வழியில்லையே.

அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறேன். தினம் நாற்பது முகம் பார்க்கிறேன். பிடித்த படம் ஒன்றும் இப்போது கையில் இல்லை, எடுத்ததும் அனுப்புகிறேன்.

உங்கள் நாலு பக்கத்தைப் பற்றி ஸ்டூடியோ முதலாளியிடம் சொன்னேன். 'மனுஷன் உள்ளே இல்லாதபோதுதான் வெட்டுவோம்' என்ற வரியைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "உங்க அண்ணியை ஒரு தடவை பாக்கணும்மா" என்றார். நான் உங்களைப் பற்றி இங்கே எல்லாரிடமும் சொல்கிறேன் அண்ணி. எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் பொய் வாங்க முடியாது என்று சொல்கிறேன். எனக்கு அது எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியாது.

மாறாதீர்கள்.

வாலு


ஜூலை 8

வாலு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

என் பாடத்தைப் பார்த்துத் தையல் கற்றுக்கொண்ட நர்ஸ் ஒருத்தி, விசாரித்து விசாரித்து என் கடையைக் கண்டுபிடித்து நேற்று ஏறி வந்தாள். அவள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன் ஊரில்தான். "எங்க நாத்தனார்கிட்ட படம் எடுத்துக்கோங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் போனில் தேடினாள். "அப்படி ஒரு பக்கமே இல்லையேக்கா" என்றாள். எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நாலு விதமாக அடிக்கச் சொன்னேன். இல்லை.

பொத்தான் டிராயரைத் திறந்து உன் பழைய போனை எடுத்தேன். சார்ஜ் ஏறுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். உன் கணக்கைத் தொட்டதும் வந்தது. 'விதியை மீறிய ஒரு கணக்குடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டதால் உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. மூலக் கணக்கு மீட்கப்பட்டால் மட்டுமே இது மீட்கப்படும்.' தேதி ஏப்ரல் 9.

மூன்று மாதம்! மாறுதலுக்காகவாம், பாஸ்போர்ட் படமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். சாயங்காலம் உன் அண்ணன் வந்ததும் போனை நீட்டினேன். படித்துப் பார்க்காமலேயே, "அவதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார். ஆக, அண்ணனும் தங்கையும் கூட்டு. நான்தான் வீட்டில் முட்டாள்.

என் துணிக் கத்திரியில் பேப்பர் வெட்டி அதை மொண்ணையாக்கினவள் நீ. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், பதினாலு வயசு உனக்கு. அதையே மன்னித்தவள் நான். ஆனால் இதை மன்னிக்க மாட்டேன். என்னால் உன் பிழைப்பு போயிருக்கிறது, நான் இங்கே மானம், ரோஷம் என்று பக்கம் பக்கமாக உனக்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அதைப் படித்துவிட்டு 'மாறாதீர்கள்' என்று எழுதுகிறாய்.

ஏன்டி சொல்லவில்லை?


ஜூலை 17

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டியது போதாது என்றால் இன்னும் திட்டுங்கள். பதில் எழுத இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. தப்பு உங்களுடையது இல்லை. போனை அனுப்பும்போது என் கணக்கை மூடிவிட்டு, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கைரேகைப் பாடம் நடத்திவிட்டு அதைச் செய்யாமல் விட்டவள் நான். அந்தப் போனை அவன் என் பதினோரு வருஷக் கணக்கோடு சேர்த்துத் தெரிந்து வைத்திருந்தான். அதே போனில் நீங்கள் உள்ளே வந்ததும் இரண்டு பேரையும் ஒரே நூலில் தைத்துவிட்டான்.

படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. போனது பக்கம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் குழந்தைகள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் படத்தை அம்மாக்கள் அது பிறந்தபோது நான் எடுத்த படத்துக்குக் கீழே கொண்டுவந்து போடுவார்கள். 'இதோ பாருங்க, நீங்க எடுத்த வாண்டு' என்று எழுதுவார்கள். அதெல்லாம் போய்விட்டது. பக்கத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வருவார்கள், இப்போது வருவதில்லை. அழுதேன் அண்ணி. பொய் சொல்ல மாட்டேன், மே மாதம் முழுக்க அழுதேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்ன அன்றைக்கே நீங்கள் டிக் அடித்துவிடுவீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை? முதலில் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மே மாதக் கடிதத்தில் பாதி கேட்டும்விட்டேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில் வந்தது. 'செய்யாததை ஒத்துக்கொள்ள நாக்கு வராது.' அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணி, எனக்காகப் பொய் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பேன்?

கேட்க மாட்டேன். இப்போதும் சொல்கிறேன், அடிக்காதீர்கள். நீங்கள் தலை குனிந்து என் பக்கம் திறந்தால் அதில் படம் போட எனக்குக் கை வராது. பாஸ்போர்ட் படம் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. என் மேல் ஆணை.

வாலு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலுக்கு,

டிக் அடித்துவிட்டேன்.

ஆணை கீணை எல்லாம் எனக்கு முன்னால் பிறந்தவர்கள் போடட்டும். நீ எனக்கு ஆணை போட வயசாகவில்லை. எங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை, நீ நன்றாக இரு.

கடையில், பகல் பன்னிரண்டு மணிக்கு, வெட்டுகிற மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு, போனை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தேன். ஒளிந்துகொண்டு அடிக்கவில்லை. உன் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "வேணாம்னா விட்டுடு" என்றார். "வாயை மூடிட்டு நில்லுங்க" என்றேன்.

ஐந்து மாதமாக என்னமோ என் மானமெல்லாம் அந்தக் கடுகளவு கட்டத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார், எனக்கே சிரிப்பாக இருக்கிறது. பிரிக்கத் தெரியாதவள் தையல்காரியே இல்லை. தைத்தது நேராக இருந்தாலும், போட்டுக்கொள்கிறவளுக்கு மூச்சு முட்டினால் பிரித்துத்தான் ஆக வேண்டும். உனக்கு மூச்சு முட்டியது. பிரித்தேன். அவ்வளவுதான்.

ஆனால் உன் அண்ணியை உனக்குத் தெரியும். டிக் அடித்ததும் அடுத்த பக்கம் திறந்தது. அதில் 'வேறு குறிப்புகள்' என்று ஒரு பெட்டி. முன்னூறு எழுத்துக்குள் எழுத வேண்டுமாம். எழுதினேன்.

'மேலே ஒப்புக்கொண்டது பொய். என் நாத்தனாரின் பக்கத்தைத் திறப்பதற்காகச் சொன்னேன். அவள் ஒரு பாவமும் அறியாதவள். நான் எவர் கழுத்தையும் வெட்டியதில்லை. சட்டைக் கழுத்து நாலாயிரத்துக்கு மேல் வெட்டியிருக்கிறேன், ஒன்றுகூடக் கோணியதில்லை. இதை மெஷின் படிக்காமல் ஒரு மனுஷன் படிக்கட்டும்.'

அதைப் பார்த்து உன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "காரியத்தைக் கெடுத்துட்டியே" என்றார். கெட்டால் கெடட்டும், மறுபடி முயற்சி பண்ணலாம், இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. சாப்பிடாமல் இருந்து என்னைச் சோதிக்காதே.

அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

என் பக்கம் வந்துவிட்டது!

பதினோராம் தேதி மத்தியானம். ஒரு பெரியவரை உட்கார வைத்து முகத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன், போன் சத்தம் போட்டது. பார்த்துவிட்டு ஓவென்று கத்திவிட்டேன். அவர் பயந்து எழுந்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒரு படம் குறையவில்லை. முதலாளி கடையைப் பாதி மூடிவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். அடிக்காதீர்கள் என்று சொன்ன பிறகும் அடித்தீர்கள். ஆனால் அந்தப் பெட்டியில் எழுதியதைப் படித்ததும் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. எவளுக்கு வரும் இந்தத் தைரியம்? ஒரே மூச்சில் ஒத்துக்கொண்டு, அதே மூச்சில் பொய் என்றும் எழுத?

உங்களுடையதும் திறந்துவிட்டதா? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது. வந்ததும் சொல்லுங்கள், முதல் ஆளாக நான் வந்து நிற்கிறேன்.

அண்ணனுக்கும் உங்களுக்கும் என் முத்தங்கள்.

வாலு


ஆகஸ்ட் 25

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். இரண்டாவது தடவை கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் சுகம். அவர் முழங்கால்கூடக் கொஞ்சம் தேவலை.

எனக்கும் பதினோராம் தேதியே பதில் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். 'உங்கள் குறிப்பு பரிசீலிக்கப்பட்டது. அதன் அடிப்படையில் உங்கள் ஒப்புதல் செல்லாது எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டிருக்கும். தொடர்புடைய கணக்கு பிரிக்கப்பட்டு மீட்கப்படுகிறது. இந்த முடிவு இறுதியானது.'

எனக்குத் திறக்கவில்லை. இனிமேல் திறக்காது. முப்பத்தோராயிரம் பெண்களும் போனது போனதுதான். அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை எனக்கு, ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் அதை மறுபடி படித்தேன். 'உங்கள் ஒப்புதல் செல்லாது.' பார்த்தாயா? யாரோ ஒரு மனுஷன் அதைப் படித்திருக்கிறான். படித்துவிட்டு, இந்த அம்மா தப்பை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது நான் விதியை மீறினேன் என்று நானே சொன்னதாக எங்கேயும் இல்லை. உன் பக்கமும் உன்னிடம் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சட்டமும் போட்டு, சட்டை போட்டுப் பார்க்கிற கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் பக்கத்தில் என் பெயரை எடுக்காதே. கத்திரி அக்கா என்று ஒரு எழுத்துக்கூட வரக் கூடாது. என் படம், கடை விலாசம் எதுவும் போடாதே. உன் அண்ணி நான் என்று யாரிடமும் அங்கே சொல்லிக்கொள்ளாதே. அவனுக்கு நம் இரண்டு பேரையும் மறுபடி சேர்த்துத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரித்த தையல் பிரித்தபடியே இருக்கட்டும். நல்ல பெண்ணாக நான் சொன்னதைக் கேள்.

அண்ணி


செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

போட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வந்திருந்தபோது மேஜையில் குனிந்து நீங்கள் துணி வெட்டிக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்குத் தெரியாமல் எடுத்தது. வாயில் நாலு குண்டூசி, முகத்தில் அவ்வளவு கர்வம். பக்கத்தின் உச்சியில், எல்லாக் குழந்தைகளுக்கும் மேலே வைத்திருக்கிறேன். கீழே இப்படி எழுதினேன்: 'இவங்க கத்திரி அக்கா. ஒரு தப்பும் செய்யாதவங்க. தேடறவங்க மருந்துக்கடை மாடிக்குப் போங்க, அங்கதான் இருக்காங்க. இவங்க என் அண்ணி. எங்களுக்குள்ள தொடர்பு உண்டு.'

மூன்று நாளாயிற்று. இதுவரை மூடவில்லை. மூடினால் மூடட்டும், பாஸ்போர்ட் படம் எடுக்கத் தெரியும் எனக்கு.

படிக்கட்டில் கூட்டமாக இருக்கிறது, ஏறி வர இடமில்லை என்று அண்ணன் நேற்று போனில் புலம்பினார். உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அளவு எடுத்துக்கொண்டிருக்கிறாள், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டார்.

உங்கள் நாத்தனார்